கோயில்காடும் பாடக்குறிப்பும்

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காட்டின் பரப்பு 4.97 ஹெக்டேர்தான். 2025இல் தமிழக அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இது இரண்டாவது. அரசாணைக்கு முன்பு இத்தகைய காடுகளுக்குக் காவல், சாமி மேலிருந்த பயமும் பக்தியும்தான். பச்சை மரத்தில் அரிவாள் படக்கூடாது. பல ஊர்களில் விழுந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துப்போக மாட்டார்கள். பொங்கல் வைக்க அங்கேயே எரிப்பதோடு சரி.

சாமியின் பெயரால் வந்த இந்தக் கட்டுப்பாட்டை, சுற்றுச்சூழல் பாடமாக ஆசிரியர் பயிற்சிக்குள் கொண்டுவரலாமா?

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. சமயங்களைப் பற்றிக் கற்பிக்க அது தடையில்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சட்டம் வழிவிடுகிறது, சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

'மரத்தை வெட்டினால் சாமி கண்ணைக் குத்தும்' என்றால் பிள்ளை அடங்கிவிடும். ஆனால் அந்தப் பயம் கோயில் எல்லையோடு நின்றுவிடுகிறது. எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத ஏரியில் குப்பை கொட்டுகிறவன் கண்ணை யார் குத்துவது? பக்தி கூடினால் காடு தழைக்கும் என்றும் சொல்வதற்கில்லை. வெட்டவெளியில் மண்குதிரைகளோடு நின்ற ஐயனாருக்கு, ஊரில் காசு புழங்கத் தொடங்கியதும், கான்கிரீட் மண்டபமும் டைல்ஸ் தரையும் வருகின்றன. திருப்பணிக்கு முதலில் இடம்விடுவது மரங்கள்தான். கும்பாபிஷேகம் என்னவோ அமர்க்களமாக நடக்கும்! பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரைக் குளத்தில் கரைப்பதும் பக்தியின் பெயரால்தான்; மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய நெறிமுறைகள் அதை விலக்கச் சொல்கின்றன.

ஆகவே சமய விழுமியத்தைக் கட்டளையாகப் புகட்டாமல், ஆராயவேண்டிய ஊர் வழக்கமாகப் பயிற்சி ஆசிரியரிடம் கொடுப்பதே நியாயம். இயற்கையைப் பேணும் விழுமியம் ஒரு மதத்தின் சொத்தும் அல்ல. இந்தோனேசிய உலமா பேரவை 2014இல், அழியும் நிலையிலுள்ள விலங்குகளைச் சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடுவது ஹராம் என்று ஃபத்வா கொடுத்தது. போப் பிரான்சிஸ் 2015இல் பூமியைப் பேணுவது பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கையில் இவையும் பாடத்தில் இருக்கவேண்டும்.

பயிற்சி ஆசிரியர் ஒரு கோயில்காட்டுக்குப் போய் மரங்களைக் கணக்கெடுக்கட்டும். எதை ஏன் வெட்டுவதில்லை என்று பூசாரியிடம் கேட்கட்டும். யாரை உள்ளே விடுவதில்லை என்ற கேள்வியும் விடுபடக்கூடாது. சாதியாலோ பெண் என்பதாலோ தடை இருந்தால், மரப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே பாடக்குறிப்பில் அதுவும் ஏறவேண்டும். பூசாரி முகம் சுளிக்கலாம், ஊர்ப் பெரியவர்கள் கோபிக்கலாம். அதைச் சமாளிக்கவும் சேர்த்துத்தான் பயிற்சி தேவை. சொற்பொழிவாளர் ஒருவரை அழைத்து அரைநாள் பேசவைத்துவிட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வேலை அல்ல இது.