முன்சீட்டில் யார்?

ஏப்ரல் கடைசியில், பள்ளித் தேர்வுகள் முடிந்த கையோடு, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் வந்து விழும். முதல் நாள்: ஆழியாறு அணை, குரங்கு அருவி, லோம்ஸ் வியூ, பாலாஜி கோயில், நல்லமுடி பூஞ்சோலை, சின்னக்கல்லாறு. இரண்டாம் நாள்: சோலையாறு அணை, மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, முடிந்தால் குருவாயூர். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. வால்பாறைக்குப் பதில் ஊட்டி என்றாலும் கொடைக்கானல் என்றாலும் இடங்களின் பெயர் மாறுமே தவிர, பட்டியலின் நீளம் குறையாது.

பட்டியல் போட்டவர் மேப்பைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர். கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு நாற்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட்டிப் பழகிய மனம், அறுபத்தைந்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடும். ஆழியாற்றைத் தாண்டியதும் கணக்கு உடைகிறது. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியிலிருந்து எங்கும் நிற்காமல் ஏறினாலே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். நிற்காமல் ஏறுவதற்காக யாரும் மலைக்குப் போவதில்லை. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்கள் கிலோமீட்டரைப் பேசுவதே கிடையாது. "ஒம்பதாவது பெண்டுல வரையாடு நிக்குது" என்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் 9/40, 10/40 என்று எண் எழுதிய பலகை இருக்கிறது. அந்தக் கணக்கில் நேரத்தைப் பிரித்துக்கொண்டால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மெதுவாகப் போவதில் நமக்கு உண்மையில் வெறுப்பு இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் தூரத்தை ஏற மலை ரயில் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் ஒரு சீட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வேகமாகப் போகவில்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. அதே ஆட்கள், அதே மலையில், காரில் உட்கார்ந்து முன்னால் போகும் லாரியைத் திட்டுகிறார்கள். ரயிலில் நேரம் யார் கையிலும் இல்லை. காரில் அது நம் கையில் இருப்பதாக ஒரு நினைப்பு.

அந்த நினைப்பின் பாரத்தைச் சுமப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்தான். காட்சி பார்க்கும் பயணம் என்று பெயர். அதில் காட்சியே பார்க்காதவர் அவர் ஒருவர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் நகர்கிறது. "அங்க பாருங்க, அணை தெரியுது" என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்து, அவர் இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால், பதினாறு மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பார். அடுத்த வளைவுக்கு அதைவிடக் குறைந்த தூரம்தான் இருக்கும் என்பதும் உண்டு. ஆகவே நல்ல ஓட்டுநர் திரும்புவதில்லை. "ம்ம்" என்பார். வீட்டுக்கு வந்து மற்றவர்களின் போனில்தான் அணையைப் பார்ப்பார். இந்த அநியாயம் எந்தத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். மலையேறியதும் "உங்களுக்குத்தான் கை பழகியிருக்கு" என்று பழையவரிடமே சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.

முன்சீட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் அது மரியாதைக்குரிய இடம். தாத்தா இருந்தால் தாத்தா, இல்லையென்றால் பெரியப்பா, அவரும் இல்லையென்றால் மாப்பிள்ளை. மலைப்பாதையில் இந்த வரிசை பொருந்தாது. உள்காது உடம்பு சுழல்வதை உணர்கிறது. கண்ணோ எதிரே உள்ள சீட்டின் முதுகை மட்டும் பார்த்து, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் சொல்வது ஒத்துப்போகாததால்தான் குமட்டல். வளைவு எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதால் ஓட்டுகிறவருக்கு அனேகமாக வாந்தி வருவதில்லை. அதனால், யாருக்கு வயிறு புரளுமோ அவரைத்தான் முன்னால் உட்காரவைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நடப்பதோ நேர்மாறு. புரளுகிறவர் பெரும்பாலும் வீட்டின் மருமகளாகவோ எட்டு வயதுப் பெண்ணாகவோ இருப்பார். மூன்றாம் வரிசையில் பைகளுக்கு நடுவே, கையில் எலுமிச்சம்பழத்தோடு. முன்சீட்டில் பெரியப்பா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

அந்த மூன்றாம் வரிசையில் இன்னொன்றும் நடக்கிறது. ஆழியாற்றில் எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது சில பெண்கள் குடிக்க மாட்டார்கள். தாகம் இல்லாமல் இல்லை. மேலே போய்ச் சேரும்வரை கதவும் தண்ணீரும் தாழ்ப்பாளும் ஒருசேர இருக்கும் கழிப்பறை கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. ஆண்கள் வண்டியை ஓரங்கட்டினால் முடிந்தது. வியூ பாயிண்ட் எத்தனை என்று மேப்பில் தேடுகிறவர், நிற்கும் இடங்களில் கழிப்பறை எங்கெங்கே என்று ஒருமுறை தேடியிருந்தால், அந்தப் பயணத்தில் ஒருவராவது நாள் முழுதும் வறண்ட வாயோடு அழகை ரசிக்க வேண்டியிருக்காது. பட்டியலில் முதல் வரியாகவே அது இருக்கலாம்.

இவ்வளவும் வண்டிக்குள்ளே. வெளியேயும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒடுங்கிய மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. சுமையோடு ஏறும் லாரியோ பஸ்ஸோ வளைவின் நடுவே ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பின்னுக்கு உருளவும் கூடும். சமவெளியில் முந்துகிறவனுக்கே வழி என்று பழகியவர்களுக்கு இது உறைப்பதில்லை. வளைவில் பஸ் முழு அகலத்தையும் எடுத்துத் திரும்பும்போது மூக்கை நுழைத்துவிட்டு, அப்புறம் இரு பக்கமும் இருபது வண்டிகள் நிற்க, பின்னால் எடுக்கத் தெரியாமல் வியர்க்கிறார்கள். கோடைக் காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்குவது இந்தச் சண்டைகளைத் தவிர்க்கத்தான்.

இறங்குவது இன்னும் தனிப் பாடம். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வெறும் அனுபவப் பேச்சு அல்ல. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர் எஞ்சினின் பிடிப்பையும் சேர்த்துக் கைவிடுகிறார். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான இறக்கம். 2018-இல் சென்னையிலிருந்து வந்த ஏழு பேரோடு ஒரு கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. விழுந்ததே உடனே யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது, ஏறலாம். மேப் அந்த வழியைத்தான் குறுக்குவழி என்று இன்றும் நீட்டக்கூடும். செக்போஸ்டில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கோபப்படுகிறார்கள். கூடலூர் வழியாகச் சுற்றிப் போக ஆகும் நேரத்தைப் பட்டியலில் சேர்த்திருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது.

இ-பாஸ் மீதும் அதே கோபம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. "நம்ம ஊர் மலைக்கு நாமே பாஸ் வாங்கணுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் ஒரு சிறு பிசகு இருக்கிறது. அது யாருடைய ஊரோ அவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. நீலகிரியின் டிஎன் 43 வண்டிகளுக்கு விலக்கு உண்டு. சனிக்கிழமை மதியம் குன்னூரில் பிரசவ வலி எடுத்தவருக்கும், காய்கறி மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டியவருக்கும் அதே மலைச்சாலைதான். வியாபாரம் படுத்துவிடும் என்று விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் போராடியது நியாயமே, அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை போக வசதியிருந்தும் சனிக்கிழமையே வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் அந்த நியாயம் இல்லை.

எந்த மாதம் போவது என்பதில் பலரும் சறுக்குகிறார்கள். எல்லா மலைக்கும் ஒரே மழைக்காலம் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வால்பாறையை ஊறப்போடும். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. குன்னூர், கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவுக்கோ ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் இறந்தது அந்த மழையில். தீபாவளி விடுமுறையில் குன்னூருக்கு அறை போடுகிறவர், முதல் நாள் மழை நிலவரத்தைப் பார்த்து ரத்து செய்யவும் மனத்தைத் தயார்செய்துகொள்ள வேண்டும். முன்பணம் போகும். போகட்டும்.

வால்பாறையில் மனிதர்களைத் தவிர இன்னொரு தரப்பும் சாலையைப் பயன்படுத்துகிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகள் வழியாக யானைகள் இடம் மாறுகின்றன. அங்கே யானை தாக்கி இறந்தவர்களில் பலருக்கு அருகில் யானை நிற்பதே தெரிந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தவர் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த எம். ஆனந்தகுமார். வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை ஏற்பாடு உருவானது: முதலில் கேபிள் டிவியில் ஓடும் வரி, பிறகு பதிவு செய்தவர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி, அதோடு உயரமான இடங்களில் கம்பம் நட்டு, போன் அழைப்பின் மூலமே ஏற்றக்கூடிய சிவப்பு விளக்கு. இந்த வேலைக்காக 2015-இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. மாலையில் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும் தொழிலாளி அந்த விளக்கைப் பார்த்து வேறு வழியில் போகிறார், அல்லது காத்திருக்கிறார்.

சுற்றுலா வந்தவரில் ஒரு சாரார் அதே விளக்கைப் பார்த்து அந்தப் பக்கமாக வண்டியைத் திருப்புகிறார்கள். இரவில் ஹெட்லைட் போட்டு யானையும் சிறுத்தையும் தேடிச் சுற்றுவது அங்கே வனத்துறைக்குப் பெரிய தலைவலி. 2025 பிப்ரவரியில் டைகர் வேலி பகுதியில் சாலையோரம் ஒரு கொம்பன் நிற்க, மற்ற வண்டிகள் நின்றுவிட்டன. பைக்கில் கடந்துவிடலாம் என்று முயன்ற ஜெர்மன் பயணி ஒருவர் யானை தாக்கி இறந்தார். யானை எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு மேப்பில் கணக்கு கிடையாது. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மலைப்பாதையை முடித்துவிடும்படி நேரத்தை அமைத்திருந்தால், அரை மணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க ஒருவருக்குப் பொறுமை இருக்கும். ஆறு இடம் பாக்கியிருப்பவருக்கு இருக்காது.

வால்பாறை புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளுக்கும் இந்த வண்டிகளால் தொல்லைதான். மரத்திலிருந்து மரத்துக்குத் தாவும் அவை சாலையில் அடிபடாமல் இருக்க மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். கார் சன்னலிலிருந்து நீளும் ஒரு சிப்ஸ் பாக்கெட் அவற்றை மறுபடி தார்ச்சாலைக்கு இறக்கிவிடுகிறது.

சரி, என்னதான் செய்வது? பட்டியலிலிருந்து நாலு இடத்தை அடிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு மலைப்பாதை போதும். வால்பாறைக்கு ஏறிய நாளிலேயே மறுபக்கம் கேரளத்தின் சாலக்குடிக்கு இறங்க வேண்டாம், அந்த வழியில் இரண்டு மாநில வனச் சோதனைச் சாவடிகளும் நேரக் கட்டுப்பாடும் இருக்கின்றன. முக்கியமாக, இரண்டாம் நாள் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறலாம். வால்பாறையிலிருந்து எஸ்டேட்டுகளுக்கும் சோலையாறு அணைப் பக்கமும் பஸ் போகிறது. பாஸ் கேட்க மாட்டார்கள். முந்தின நாள் முழுதும் ஓட்டியவருக்குச் சன்னலோரச் சீட்டைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நின்றுகொண்டு வரலாம். சந்தைப் பையோடும் ரேஷன் அரிசியோடும் ஏறுகிறவர்கள், அவர் எதை அப்படிப் பார்க்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, டிக்கெட்டுக்குச் சில்லறை தேடப் போய்விடுவார்கள்.