மன்னித்தால் பழி தீருமா?

ஜப்பானிய மருந்து நிறுவனம் ஒன்றின் ஊழியருக்கு உளவுக் குற்றத்துக்காக மூன்றரை ஆண்டுச் சிறை விதித்து, 2025 ஜூலையில் பெய்ஜிங் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 மார்ச்சில், நாடு திரும்பவிருந்த நேரத்தில் பிடிபட்டவர் அவர். வழக்கு மூடிய கதவுகளுக்குள் நடந்தது. நாட்டின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் தனி ஒருவரின் நியாயம் பின்னுக்குப் போகத்தான் வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் அறத்துக்குப் புறம்பானது. அடைபட்டவரே அதை மனமுவந்து ஏற்றாலும் புறம்பானதுதான். சிட்னி ரிட்டன்பர்க்கின் வாழ்க்கை அதற்குச் சான்று.

அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் 1921இல் பிறந்த ரிட்டன்பர்க், ராணுவத்தில் சீனமொழி பயின்று 1945இல் சீனாவின் குன்மிங் வந்தார். அங்கே குடிபோதையில் வண்டி ஓட்டிய அமெரிக்க ராணுவ வீரன், ரிக்‌ஷா இழுப்பவர் ஒருவரின் சிறு மகளை ஏற்றிக் கொன்றான். அந்த உயிருக்கு ராணுவம் கொடுத்த இழப்பீடு 26 டாலர். பணத்தை வாங்கிச் சென்ற தகப்பன் திரும்பி வந்து, இழப்பீடு பெற உதவியதற்கு நன்றியாக அதில் 6 டாலரை ரிட்டன்பர்க்கின் கையில் வைத்தார். ஏழையின் பிள்ளைக்கு இந்த விலை போடும் உலகம் மாறியே தீரவேண்டும் என்ற உறுதிதான் அவரைப் புரட்சியின் பக்கம் கொண்டுசேர்த்தது. கம்யூனிஸ்டுகளின் தளமான யானான் சென்றார், சீனக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினரானார், லி துன்பை என்று அழைக்கப்பட்டார்.

1949இல், புரட்சி வெற்றி பெறும் தறுவாயில், அவரைப் பிடித்து அடைத்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங்கை ஒற்றர் என்று சொன்ன மாஸ்கோ, அவரோடு சேர்த்து இவரையும் சுட்டிக்காட்டியிருந்தது. அந்தச் சொல்லை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. தனிமைச் சிறை, முதல் ஓராண்டு வெளிச்சமே இல்லாத அறை. ஸ்ட்ராங் மீதான குற்றச்சாட்டை மாஸ்கோவே திரும்பப் பெற்ற பிறகு, 1955இல் விடுதலை. தவறு நடந்துவிட்டதென்று வருத்தமும் தெரிவிக்கப்பட்டது.

இதுபோல் புறநானூற்றிலும் ஒரு நிகழ்ச்சி. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த புலவர் இளந்தத்தனை ஒற்றன் எனக் கருதிக் கொல்லத் துணிந்தான் அவனோடு பகைத்திருந்த நெடுங்கிள்ளி. பரிசில் தேடி அலையும் புலவர் யாருக்கும் தீங்கு எண்ணாதவர் என்று கோவூர்கிழார் எடுத்துரைத்து அவர் உயிரைக் காத்தார். வேற்றூரான் என்றாலே ஒற்றன் என்ற ஐயம் அன்றும் இருந்தது. அதைத் தட்டிக் கேட்க ஒரு குரலும் இருந்தது. அந்தக் குரல் எழாத மதுரையில் என்ன நடந்தது? பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் கேட்டான், புகாரிலிருந்து பிழைக்க வந்த கோவலன் வெட்டுண்டான். பழி சொன்னவனே திருடன் என்பதை விசாரித்திருந்தால் கண்டிருக்கலாம். ஆராயாமல் முறைசெய்யும் மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார் வள்ளுவர். சீனத்து மென்சியஸும் வேறு சொல்லவில்லை: குற்றமற்ற ஒருவரைக் கொன்றால் பேரரசே கிடைக்கும் என்றாலும் சான்றோர் அதைச் செய்யார்.

குலத்தைக் காக்க ஒருவனைக் கைவிடலாம் என்று விதுரர் சொன்னாரே எனலாம். அவர் சொன்னது தீமை செய்த துரியோதனனைப் பற்றி. கொடியோரைத் தண்டிப்பது களை பறிப்பதற்கு ஒப்பு என்று வள்ளுவரும் சொன்னார், உண்மை. களை எது, பயிர் எது என்று பார்த்த பின்தானே பறிக்க வேண்டும்?

ரிட்டன்பர்க் மன்னித்தார். நாடு திரும்பலாம் என்றபோதும் பெய்ஜிங்கில் தங்கினார். அந்த ஆறாண்டுகளைப் புரட்சிக்குத் தான் கொடுக்க வேண்டிய விலையாகவே கருதினார். தன் துன்பத்தை ஒருவர் பொறுத்துக்கொள்வது பெருமைக்குரியது. ஆனால் அந்தப் பொறுமை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது? பண்பாட்டுப் புரட்சியின்போது, தான் பணியாற்றிய வானொலி நிலையத்தில் கலகக்காரர்களின் முன்வரிசையில் நின்று, மற்றவர்கள் இழிவுபடுத்தப்படுவதற்கு அவரும் துணைபோனார். தனக்கு நேர்ந்ததை நியாயம் என்று ஏற்றவருக்கு, பிறருக்கு நேர்ந்ததும் நியாயமாகவே தெரிந்தது. இதைத் தம் நினைவுக்குறிப்பு நூலில் அவரே ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்குத் தலைவணங்கலாம். அவர் துணைபோன செயலுக்கு இல்லை.

1968இல் மறுபடியும் ஒற்றன் என்ற பழி. இம்முறை சின்செங் சிறை. மனைவி வாங் யூலின் உடலுழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1977 நவம்பரில் வெளியே வந்தபோது, இரு சிறைவாசமும் சேர்ந்து பதினாறு ஆண்டுகளாகியிருந்தன. 1955இல் தெரிவித்த வருத்தத்தோடு, கேள்வியின்றி ஒருவரை இருட்டில் அடைக்கும் வழக்கத்தையும் அரசு கைவிட்டிருந்தால் இரண்டாம் சிறை நேர்ந்திருக்காது.

ரிட்டன்பர்க் மன்னித்தது தனக்கு நேர்ந்ததை மட்டும். அவரைப் போல் அடைபட்ட மற்றவர்கள் சார்பில் மன்னிக்க அவருக்கு உரிமையில்லை. அவர் மன்னித்ததைக் காட்டித் தப்பிக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. ஒருவரை ஒற்றர் என்று சொல்லும் அரசு, அதற்கான சான்றை ஊரறிய, திறந்த மன்றத்தில் வைக்கட்டும். வைக்க முடியாவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்பட்டும்.