காற்றுக்கு எவ்வளவு மறைப்பு?

குளிரையும் காற்றையும் பொறுப்பது தவமா, அவற்றைத் தடுத்துக்கொள்வது குறையா என்பது இந்தியச் சமயங்கள் நெடுங்காலமாக வாதிட்டு வந்த கேள்வி. போர்வை, செருப்பு, கையுறை என எதைத் தேர்ந்தாலும் அந்தக் கேள்வி உடன் வருகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் அதற்கான விடைகள் பலவும் ஒருகாலத்தில் அருகருகே வாழ்ந்தன. 2019இல் பிரிக்கப்படும்வரை ஒரே மாவட்டமாக இருந்த நிலப்பகுதி இது. ஏழாம் நூற்றாண்டின் காஞ்சியைப் பற்றி எழுதிய சீனத் துறவி யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களையும், ஏறத்தாழ 10,000 துறவிகளையும், 80 தேவர் கோயில்களையும், சமணராகிய நிர்க்கிரந்தர் பலரையும் குறிப்பிடுகிறார்.

அதே நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் மாமல்லபுரத்தில் ஏறத்தாழ 29 மீட்டர் நீளமுள்ள பாறையில் ஒரு தவத்தைச் செதுக்கினார்கள். ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரிய நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. யாராக இருந்தாலும் அவர் நிற்கும் இடம் இமயம். பனியே விழாத கரையில், பனிமலையில் நிற்கும் ஒருவரை இடையில் சிறு துணியோடு மட்டும் காட்டியிருக்கிறார்கள். கீழே, அதே சிற்பத்திலுள்ள ஆற்றின் கரையில் ஒருவர் நனைந்த துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். தவசியைப் போலவே கைதூக்கி நிற்கும் பூனையும் அங்கே இருக்கிறது; அதைச் சுற்றி எலிகள். உடலை வருத்தும் கோலம் மட்டுமே உள்ளத்துக்குச் சான்றாகாது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன கல் வேறு இல்லை.

அர்ச்சுனனுக்குச் சொல்லப்பட்ட பகவத்கீதையும் இரண்டு பக்கமும் பேசுகிறது. குளிரும் வெப்பமும் புலன்களின் தொடர்பால் வந்து போவன, அவற்றைப் பொறுத்துக்கொள் என்கிறது இரண்டாம் அத்தியாயம். மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது ஆறாம் அத்தியாயம். உடலை வதைக்கும் கொடுந்தவத்தைப் பதினேழாம் அத்தியாயம் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. ஆகவே கீதை கேட்கும் பொறுமை, குளிர் வந்தபோது கலங்காதிருப்பது. குளிரைத் தேடிப் போவதை அது கேட்கவில்லை.

சமணத்தின் விடை இன்னும் கண்டிப்பானது. துறவி தாங்க வேண்டிய 22 இன்னல்களில் குளிர், வெப்பம், கொசுக்கடி, ஆடையின்மை ஆகியவை உண்டு. திகம்பரத் துறவிக்குத் திசைகளே ஆடை, கையே பாத்திரம். நின்றபடி, உள்ளங்கையில் இட்ட உணவை உண்ணும் அவருக்குக் கையை மூடும் எதுவும் பொருந்தாது. ஆனால் சுவேதாம்பரர் வெள்ளை ஆடை உடுத்துகிறார்கள். அவர்களில் சில பிரிவினர் வாயை ஒரு துணியால் மறைக்கிறார்கள். பேச்சின் மூச்சுக்காற்று சிற்றுயிர்களைத் துன்புறுத்தக் கூடாது என்பதற்காக அணியும் மறைப்பு அது. தனக்கு வந்த நோயைப் பொறுத்தல், பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமை என்று தவத்தைத் திருக்குறள் இரண்டாகச் சொல்வதும் இங்கே நினைக்கத் தக்கது.

பௌத்தத்தின் விடைதான் நடைமுறைக்கு மிக அருகில் வருகிறது. விநயபிடகத்தின் மகாவக்கம் அதை ஒரு நிகழ்ச்சியாகச் சொல்கிறது. இராசகிருகத்திலிருந்து வைசாலிக்குப் போகும் வழியில், தலையிலும் தோளிலும் இடுப்பிலும் துணிமூட்டைகளைச் சுமந்து வரும் துறவிகளைப் புத்தர் கண்டார். வீட்டைத் துறந்தவர்கள் துணிச்சுமைக்கு ஆளாகிவிட்டார்கள். வைசாலியில், பனி விழும் குளிர்கால இரவொன்றில், அவர் ஒரே ஆடையுடன் திறந்தவெளியில் அமர்ந்தார். முதல் யாமம் கழிந்தபோது குளிர்ந்தது. இரண்டாம் ஆடையைப் போர்த்தார். நடு யாமம் முடிந்தபோது மூன்றாவது, விடியும் வேளையில் நான்காவது. குளிர் தாங்காதவருக்கும் இது போதும் என்று கண்டு, மூன்று ஆடைகளை வரையறுத்தார்: இரட்டைத் துணியாலான மேற்போர்வை ஒன்று, ஒற்றைத் துணி இரண்டு. அடுக்கு நான்கு, ஆடை மூன்று. சீவரம் எனப்படும் துறவாடை எதற்கு என்பதற்கும் பௌத்த மரபில் பட்டியல் உண்டு: குளிர், வெப்பம், கொசு, காற்று, வெயில், ஊர்வன ஆகியவற்றைத் தடுக்கவும் நாணத்தை மறைக்கவும் மட்டும். இந்த முறையின் சிறப்பு, அளவைத் தம் உடலிலேயே சோதித்துக் கண்டதும், வலியவரின் உடலை அளவுகோலாக்காததும். நிலத்துக்கேற்ப விதி தளர்ந்ததும் உண்டு. கரடுமுரடான அவந்தி நாட்டில் தடித்த செருப்புக்கு அனுமதி கிடைத்தது.

சைவத்தில் திருமூலர் உடம்பை இழுக்கென்று முதலில் எண்ணி, பின்பு அதனுள்ளே இறைவனைக் கண்டு பேணியதாகப் பாடுகிறார். கோயிலைக் காப்பவர் கூரையைப் பழிக்க மாட்டார்.

இனி, காற்றில் வேலை செய்யும் இக்கரையின் கைகளுக்கு இந்த அளவைப் பொருத்திப் பார்ப்போம். தோலை ஒட்டி நிற்கும் மெல்லிய வெப்பப் படலத்தைக் காற்று அடித்துச் செல்கிறது. ஈரமான கையில் நீர் ஆவியாவதால் குளிர்ச்சி கூடுகிறது. உடல் தன் நடுப்பகுதியின் வெப்பத்தைக் காக்க விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முதலில் விறைப்பவை விரல்களே. அதனால் மார்கழி விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டுபவருக்கு நெருக்கமாக நெய்த மெல்லிய கையுறை போதும். கம்பளி அடுக்கு வேண்டியதில்லை. இந்த ஈரக்காற்றில் வெயில் ஏறியதும் அதற்குள் வியர்வை தேங்கும். பிரேக் பிடியை விரல் உணர வேண்டும் என்பதும் மெல்லியதற்கே சாதகம்.

வாடைக்காற்றில் ஈர வலையை இழுக்கும் மீனவரின் நிலை வேறு. அவர் குளிரைத் தேர்ந்தெடுக்கவில்லை. விரும்பி ஏற்பதால்தான் துன்பம் தவமாகிறது; பிழைப்புக்காகப் படும் துன்பத்துக்குத் தவம் என்ற பெயரைச் சூட்டி, கொடுக்கக்கூடிய பாதுகாப்பைக் கொடுக்காமலிருப்பது அநீதி. அவருக்கு வேண்டியது கயிறு கையை அறுக்கவிடாத, நனைந்தாலும் வழுக்காத, முடிச்சை விரலுக்கு உணர்த்தும் கையுறை. அது காற்றையும் தடுத்தால் இன்னும் நல்லது. எடையையும் தடிமனையும் அவர் கையே சோதித்துத் தேர வேண்டும்.