படியும் மூலமும்

விண்டோஸ் கணினியில், சுழலும் காந்தத் தட்டுகளால் ஆன ஹார்டு டிஸ்க்கை நீக்கி, அசையும் உறுப்பின்றி மின்னூட்டமாகத் தரவைக் காக்கும் எஸ்எஸ்டியைப் பொருத்துவோர் பெரும்பாலும் குளோனிங்கை, அதாவது பழைய வட்டில் உள்ளவற்றை அப்படியே புதியதில் படியெடுக்கும் முறையைக் கையாள்கின்றனர். இதனை மறுபிறப்புக்கு உவமையாகக் காட்டுவது கவர்ச்சியாக இருப்பினும் பொருந்தாது. உடல் மாறும் உயிர் பழைய உடலில் தங்குவதில்லை, பழைய வட்டோ அழிக்கப்படும்வரை அதே கோப்புகளோடு இருந்துகொண்டேயிருக்கிறது.

அப்படியானால் இரண்டில் எது மூலம்? ஓர் ஆளின் ஒருமை உடற்பொருளில் அன்றி, கடந்ததையும் தன்னதாக அறியும் உணர்வின் தொடர்ச்சியில் உள்ளது என்று தத்துவவாதி ஜான் லாக் 1694இல் வாதிட்டார். அந்த அளவுகோலை வட்டுகளுக்கும் நீட்டினால் இரு வட்டுகளும் ஒரே உரிமையோடு மூலம் ஆகிவிடும். தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட நூலில், ஒன்று இரண்டாகும் இத்தகைய பிளவை அஞ்சாது ஏற்று, பொருட்படுத்தத்தக்கது ஒருமை அன்று, தொடர்ச்சியே என்றார். எப்பொருளும் கணந்தோறும் அழிந்து தோன்றுகிறது என்னும் கணபங்கக் கொள்கையுடைய பௌத்தர், 'அதுவே இது' என்னும் அறிவை ஒப்புமையால் விளையும் மயக்கம் என்பர். நிலைத்த அறிபவன் இன்றி அவ்வறிவே எழாது என்பது இந்தியத் தர்க்க மரபான நியாயத்தைச் சேர்ந்தோரின் மறுப்பு. வட்டு அறிபவன் அன்று என்பதால், இங்கு பௌத்தர் பக்கமே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

விண்டோஸுக்கோ இது வெறும் நிர்வாகச் சிக்கல். ஒரே அடையாள எண்ணுடைய இரு வட்டுகள் ஒருங்கே இணைக்கப்பட்டால், அது ஒன்றை ஆஃப்லைன் நிலையில் ஒதுக்கி, பயனர் அதனை மீண்டும் இயக்கும்போது புதிய எண்ணை எழுதிவிடுகிறது. எது மூலம் என்று ஆராய்வதில்லை.