தோலும் வைக்கோலும்

சென்ற மாதம் ஒரு நண்பருடன் மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு வழக்கம்போல் கலையில் உண்மை, வாழ்க்கையில் உண்மை என்று சுற்றிச்சுற்றி வந்தது. கடைசியில் அவர் ஒரு சூத்திரம் மாதிரிச் சொன்னார்: பொய்யின் மேல் எழுப்பிய எந்த உறவும் பொய்தான், பிற்பாடு அதில் எவ்வளவு பாசம் ஊறினாலும் அஸ்திவாரம் அஸ்திவாரம்தானே. எனக்கு உடனே பதில் வரவில்லை. இரவு வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும்போது ஒரு ஆட்டுக்குட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதை வைத்து அவருக்கு ஒரு பதில் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். எழுத எழுத விஷயம் அவரை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டது.

பி.ஏ. ஆங்கிலத்தில் எங்களுக்குத் தாமஸ் ஹார்டி இருந்தார். 1874இல் வெளிவந்த 'ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்' நாவல். விதி, தற்செயல், வெஸெக்ஸ் நிலப்பரப்பு, கிராமத்து ஜனங்களின் கோரஸ் என்று குறிப்புகள் எழுதிக்கொண்டோம். ஆடுகளைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகவே ஆடுகளை யாரும் படிக்கவில்லை. பின்னால் பாங்கில் சேர்ந்து, ஒரு சிறிய ஊர்க் கிளையில் கடன் பிரிவில் உட்கார்ந்து, இருபது பெட்டை ஒரு கிடா என்று ஆட்டுக் கடன் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்துகொண்டிருந்த நாட்களில் அந்த நாவலைத் திரும்ப எடுத்தேன். இப்போது அது வேறு புத்தகமாக இருந்தது. கேப்ரியல் ஓக் என்பவன் சிறிய ஆட்டுப் பண்ணைக்காரன். வியாபாரி ஒருவன் கொடுத்த முன்பணத்தில் இருநூறு ஆடுகள் வாங்கியிருக்கிறான். ஒரு இரவு, பழகாத இளம் நாய் ஆடுகளை விரட்டிக்கொண்டுபோய்ச் சுண்ணாம்புப் பள்ளத்தில் விழச் செய்துவிடுகிறது. எல்லாம் சினை ஆடுகள். காலையில் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் ஓக்குக்கு முதலில் தோன்றுவது அந்த ஆடுகளின் மேலும் அவற்றின் வயிற்றில் இருந்த குட்டிகளின் மேலும் இரக்கம். அதற்குப் பிறகுதான் அவன் நினைக்கிறான்: இன்ஷூரன்ஸ் செய்யவில்லையே.

இந்த வரிசையை நான் கவனிக்கக் காரணம் என் தொழில். இன்ஷூரன்ஸ் இரண்டாவதாக வந்தது என்பதால் அவன் கணக்குத் தெரியாதவன் ஆகிவிடவில்லை. ஆட்டை விற்றும் தட்டுமுட்டுச் சாமானை விற்றும் கடனை அடைத்துவிட்டு, உடுத்திய துணியோடு கூலிக்காரனாக வெளியேறுகிறான். இரக்கமும் கணக்கும் ஒரே மனத்தில் இருக்கின்றன. எது முதலில் வருகிறது என்பதுதான் அவனை நமக்குச் சொல்லிவிடுகிறது. மேய்ப்பனைப் பற்றி ஆங்கிலக் கவிதையில் புல்லாங்குழல் ஊதுகிற ஒரு நீண்ட சம்பிரதாயம் உண்டு. ஹார்டியின் மேய்ப்பன் அந்தப் பரம்பரையோடு நின்றுவிடுகிறவன் இல்லை. அவன் கையில் கத்தரிக்கோலும் கடன்பத்திரமும் இருக்கின்றன.

அந்த நாட்டில் சிறிய ஆட்டுப் பண்ணை ஒன்றின் வசந்தகாலம் எப்படி இருக்கும் என்று அதன்பின் தேடித்தேடிப் படித்தேன். செம்மறிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாட்கள். நவம்பர் 5ஆம் தேதி கிடாவை விட்டால் ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, குட்டி விழும் என்று அங்கே ஒரு நாட்டுக் கணக்கு உண்டு. அதற்குள் செய்ய வேண்டிய காரியங்கள் பல. கொட்டகையில் வைக்கோல் பரப்ப வேண்டும். தாயும் குட்டியும் மட்டும் நிற்கிற அளவுக்குச் சின்னச் சின்ன அடைப்புகள் தட்டிகளால் கட்ட வேண்டும். ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பு தாய்க்குத் தடுப்பூசி. அதன் பலன் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேரும். தொப்புளில் தடவ அயோடின், குளிரில் விறைத்த குட்டிக்குச் சூடேற்ற விளக்கு, குடிக்கத் தெரியாத குட்டிக்குக் குழாய். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகாவிட்டால் அந்தக் குட்டி தேறுவது கஷ்டம்.

இவற்றோடு கத்தரிப்பு. ஹார்டியின் நாவலில் அது ஜூன் மாதம், குட்டிகள் பிறந்து வெகுநாள் கழித்து, பழைய பெரிய களஞ்சியத்தில் ஒரு திருவிழா மாதிரி நடக்கிறது. இன்று சில சிறிய பண்ணைகளில் குட்டி போடுவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்னதாகவே தாயின் மயிரைக் கத்தரித்துவிடுகிறார்கள். முழுக்கக் கத்தரிக்காதவர்கள்கூட மடியைச் சுற்றியும் வாலடியிலும் சுத்தம் செய்கிறார்கள். குட்டிக்குக் காம்பு தட்டுப்பட வேண்டுமே. முழுக்கக் கத்தரிப்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று என்னை அப்படியே நிறுத்திவிட்டது. கம்பளியோடு இருக்கும் தாய்க்குக் குளிர் தெரிவதில்லை. அது மழையிலும் காற்றிலும் வெட்டவெளியில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். பக்கத்தில் ஈரக்குட்டி நடுங்கிச் செத்துப்போகும். கத்தரித்த தாய்க்குக் குளிரும். அது ஒதுக்கிடம் தேடிப் போகும். குட்டியும் பின்னால் போகும். குட்டியின் குளிர் தாய்க்கு உறைக்க வேண்டுமானால் தாயின் போர்வையை உருவ வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு போர்வையைக் கழற்றுகிறார்கள். அதே கொட்டகையில், அதே வாரங்களில், இன்னொன்றைப் போர்த்தவும் செய்கிறார்கள். நான் சொல்ல வந்த குட்டி இதுதான். நாவலின் பதினெட்டாவது அத்தியாயத்தில் வருகிறது. ஒரு தாய் ஆட்டின் குட்டி செத்துவிட்டது. இன்னொன்று இரட்டை போட்டிருக்கிறது. இரட்டையில் ஒன்றை எடுத்துக் குட்டியிழந்த தாயிடம் விட்டால் அது அண்டவிடாது; முட்டித் தள்ளும். ஈன்ற முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நக்கி நக்கித் தன் குட்டியின் வாசனையை அது மனத்தில் பதித்துக்கொள்கிறது. அதற்குப் பின் வேறு எந்தக் குட்டிக்கும் மடி கிடையாது. ஓக் செத்த குட்டியின் தோலை உரித்து, உயிருள்ள குட்டியின் மேல் சட்டை மாதிரிக் கட்டுகிறான். தாயையும் குட்டியையும் ஒரே அடைப்பில் விடுகிறார்கள். தாய் முகர்ந்து பார்க்கிறது. ஊட்டுகிறது. இது ஹார்டியின் கற்பனை இல்லை. மேய்ப்பர்கள் இன்றைக்கும் செய்கிற காரியம். இரண்டு மூன்று நாளில் தோலைக் கழற்றிவிடலாம். அதற்குள் குடித்த பால் குட்டியின் உடம்பு வழியாகப் போய், அதன் மேல் தாயின் சொந்த வாசனையே ஏறிவிட்டிருக்கும்.

என் வேலையில் பாதி, கையொப்பத்தைப் பார்ப்பது. மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துப்போனால் பணம், இல்லாவிட்டால் இல்லை. அந்தத் தாய் ஆடும் அதைத்தான் செய்கிறது. ஓக் செய்வது சுத்தமான கள்ளக் கையெழுத்து. என் கவுண்டரில் நடந்தால் போலீஸ். நண்பரின் சூத்திரப்படி இங்கே உண்டாகிற பாசம் பொய். ஆனால் மூன்றாம் நாள் தோல் போன பிறகும் பால் சுரக்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இது வெறும் ரசாயனம் என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் தன் குட்டிக்குச் சுரந்ததும் ரசாயனம்தான்; இரண்டுக்கும் வித்தியாசம் கற்பிக்க அந்த வாதத்தால் முடியாது.

நமக்கு இதே வித்தை வேறு ரூபத்தில் தெரியும். கன்று செத்த மாட்டைக் கறப்பதற்காக, கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பால்காரர் மாட்டைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து வாசலில் கறந்து கொடுத்த காலத்தில் வைக்கோல் கன்றைத் தோளில் தூக்கி வருவதைப் பார்த்ததாக என் அப்பா சொல்வார். மாடு அதை நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும். நாலுகால் குச்சியும் வைக்கோலும் எதையும் குடிக்காது. இங்கும் செத்ததன் தோல், அங்கும் செத்ததன் தோல். இங்கும் ஏமாற்று, அங்கும் ஏமாற்று. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுகிறது. ஒன்றில் பசித்த உயிர் இருக்கிறது. மற்றதில் வைக்கோல்.

ஹார்டிக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். இதே அத்தியாயத்தில்தான் போல்ட்வுட் பத்ஷீபாவைத் தேடி வயல்வெளியில் வருகிறான். நடுவயது, தனிமை, கட்டுக்கோப்பான மனிதன். அவனுக்கு அவள் விளையாட்டாக ஒரு வாலன்டைன் வாழ்த்தை அனுப்பிவிட்டாள். என்னைக் கல்யாணம் செய்துகொள் என்ற முத்திரையோடு. அவள் மனத்தில் அப்படி எதுவும் இல்லை. அவனோ அதை முகர்ந்து, நக்கி, உள்ளே சுரக்க ஆரம்பித்துவிட்டான். அவன் வரும்போது அவள் கண்முன்னால், தோல் போர்த்திய குட்டி அடைப்புக்குள் போகிறது. ஹார்டி இதைச் சுட்டிக்காட்டிப் பேசவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த வாழ்த்துக்குள் இருந்தது வைக்கோல். குட்டியைச் சேர்த்துக்கொண்ட தாய் பிழைத்துக்கொள்கிறது. போல்ட்வுட் கடைசியில் ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான்.

ஆக, பொய் சொன்னாயா என்பதோடு கேள்வி முடியவில்லை. அந்தப் பொய்யை யார் குடித்துப் பிழைத்தார் என்றும் கேட்க வேண்டும் என்று நண்பருக்குச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் மேய்ப்பன் நடுவில் நிற்கிறான். அவன் தர்மத்துக்காகத் தோல் கட்டவில்லை. பிழைத்த குட்டி ஒரு விலை. இலையுதிர்காலத்தில் அது சந்தைக்குப் போகும். விடியற்காலையில் வைக்கோலில் முட்டிபோட்டு, கையை உள்ளே விட்டுக் குட்டியைத் திருப்பி எடுக்கிறவனும், சில மாதம் கழித்து அதை வண்டியில் ஏற்றுகிறவனும் ஒருவனே. கத்தரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுச் செம்மறிக்கு மயிர் தானே உதிரும். உதிராத மயிரை ஆட்டின் மேல் வளர்த்துவிட்டது தலைமுறை தலைமுறையாக மனிதன். 2015இல் ஆஸ்திரேலியாவில் கான்பெரா அருகே, மந்தையை விட்டுத் தப்பி வெகுகாலம் அலைந்த ஒரு மெரினோ ஆட்டைப் பிடித்தார்கள். அதன் மேலிருந்து எடுத்த கம்பளி 40 கிலோவுக்கு மேல். நடக்க முடியாமல் நின்றது அது. கத்தரிக்காமல் விட்டது அதற்குச் சுதந்திரமாக இருக்கவில்லை. இன்று பிரிட்டனில் பல பண்ணைகளில் கம்பளி விற்ற காசு கத்தரிக் கூலிக்கே எட்டுவதில்லை, ஆனாலும் கத்தரிக்கிறார்கள். நாம் உண்டாக்கிய தேவையை நாமே வருஷாவருஷம் தீர்க்கிறோம். இது கருணையா, பழைய கடனுக்கு வட்டியா என்றால் வட்டி என்றுதான் நான் எழுதுவேன். வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறவன்மேல் எனக்கு மரியாதை உண்டு. அசல் தீர்ந்துவிட்டது என்று மட்டும் அவன் சொல்லக் கூடாது.

இவ்வளவிலும் தாயைப் பற்றிப் பேசினேன், மேய்ப்பனைப் பற்றிப் பேசினேன். அந்தத் தோலுக்குள் இருந்த குட்டியைப் பற்றிப் பேசவில்லை. தள்ளிப்போட்டேன் என்பதுதான் சரி.

என் பெயர் எனக்கு முன்னால் பிறந்து ஒன்பது மாதத்தில் செத்துப்போன அண்ணனுடைய பெயர். அடுத்த வருஷம் நான் பிறந்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம், என்னை எடுக்கவில்லை. அத்தைதான் சங்கில் பால் புகட்டியிருக்கிறாள். பெயர் வைக்கிற அன்று, அப்பாவைப் பெற்ற பாட்டி யாரையும் கேட்காமல் அவன் பெயரையே என் காதில் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் அம்மா என்னை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள் என்பது அத்தை வாக்குமூலம். பாட்டி ஹார்டியைப் படித்தவள் இல்லை. ஆடு வளர்த்தவளும் இல்லை.

அம்மா ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்பாள், கோபம் வந்தால் டேய். என்னைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது 'இவன்'. அவளைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கவுண்டரில் இருந்த பெண் மகன் பெயர் என்ன என்று கேட்டாள். அம்மா என்னைக் காட்டி, "அவனையே கேளும்மா" என்றாள். வெகுகாலம் இது எனக்கு ஒரு மனக்குறை. அந்தப் பெயரைச் சொன்னால் அவளுக்கு அவன் வந்துவிடுகிறான், எனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த பிறகுதான் வேறு விதமாகவும் இருக்கலாம் என்று பட்டது. மூன்றாம் நாளே அவள் தோலைக் கழற்றிவிட்டிருக்கலாம். என் வாசனை ஏறிவிட்டது. இனி அது எதற்கு என்று இருந்திருக்கலாம். அல்லது முதலிலிருந்தே ஏமாறாமல், தெரிந்தே எடுத்துக்கொண்டு, அவன் பெயரை மட்டும் அவனுக்கென்று விட்டுவைத்திருக்கலாம். இதில் எது என்று கேட்க அவள் இல்லை.

நண்பருக்கு என் பதில் இன்னும் பாதிதான். நாளைக் காலை பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் நூறு வவுச்சர்களிலாவது சுருக்கொப்பம் போடுவேன். மாதிரிக் கையொப்பத்தோடு அது சரியாகவே ஒத்துப்போகும்.