பழைய வண்டியும் புதிய மரமும்

பழுதுற்ற பொருளைப் புதுக்குவதா, கைவிடுவதா என்னும் வினா முதற்பார்வையில் வெறும் செலவுக் கணக்காகவே தோன்றும். ஆயின், அக்கணக்கின் அடியில் ஓர் அறவினாவும் உறைகின்றது.

1880ஆம் ஆண்டிற் புகையிரதம் மாத்தளையை எட்டுமுன், இப்பகுதித் தோட்டங்களின் கோப்பியைச் சுமந்தவை மாட்டு வண்டிகளே. பழைய கூடார வண்டியொன்று அச்சு முறிந்து, ஆரக்கால்கள் உக்கிக் கொட்டிலிற் கிடப்பதாகக் கொள்வோம். மரமனைத்தையும் மாற்றினால் அது ஓடும்; ஆனால் ஓடுவது அதே வண்டிதானா?

தீசியசின் கப்பல் பற்றிப் புளூட்டாக் குறிப்பிடும் மெய்யியற் சிக்கலும் இதுவே. யப்பானின் இசே ஆலயம் 20 ஆண்டுகளுக்கொருமுறை புதிய மரத்தால் எழுப்பப்படுகின்றது. எமது மாவட்டத்து நாலந்தா கெடிகேயின் கதை வேறு. பல்லவர் கலைச்சாயல் கொண்ட அப்பௌத்தக் கற்றளி, போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்காவண்ணம் 1970களிற் கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980 அளவில் உயர்ந்த இடத்தில் மீள நிறுவப்பட்டது. இசேயிற் பொருள் மாற, முறை நின்றது. நாலந்தாவில் இடம் மாற, பொருள் நின்றது. எனவே, 'அதே பொருளா?' என்பதினும் 'எதனைக் காக்க விழைகின்றோம்?' என்பதே முதல் வினாவாகும்.

வண்டியில் நாம் காக்க விழைவது அழகையா, உண்மையையா? வண்டிகள் கோப்பியைச் சுமந்தன. அக்கோப்பியைப் பறித்த தமிழ்த் தொழிலாளரோ மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். இதனை மறைத்து, வண்ணம் தீட்டி, விடுதி வாயிலில் நிறுத்தப்படும் வண்டி பொய்ச்சாட்சி கூறுவதாகும்.

'அம்மக்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் லயன் அறைகளில் வாழ்கையில், வண்டிக்குச் செலவிடுவது முறையோ?' எனச் சிலர் வினவலாம். வலிமையான வினாவே. இரண்டில் ஒன்றே இயலுமெனின் கூரையே முந்தியது, ஐயமில்லை. ஆனால், முற்றாகப் புதுக்குவதற்கும் முற்றாகக் கைவிடுவதற்கும் இடையே மூன்றாவது வழியொன்றும் உண்டு. வண்டி நிற்பதற்கு வேண்டிய அச்சை மட்டும் மாற்றி, புதிய மரம் புதியதெனவே தெரியவிட்டு, தேய்ந்த பலகைகளைத் தேய்ந்தவாறே மழைபடாது காத்தல் போதும். அதற்குச் செலவும் சிறிது.

பழமையைப் பேணுதல் அதனை இளமையாக்குவதன்று. அது பட்ட தேய்வையும், அத்தேய்வுக்குக் காரணமான உழைப்பையும் மறையாது காட்டுவதே பேணலின் அறம். ஓடாத வண்டியும் உண்மை உரைக்கக்கூடும்.