புதைத்தலும் மறைத்தலும்

ஆதம் நபியின் மக்கள் இருவரின் வரலாற்றை நாம் இளம் வயதிலேயே கேட்டிருக்கிறோம். உடன்பிறந்தவனைக் கொன்றுவிட்ட காபீல், அவ்வுடலை என்ன செய்வதென்று அறியாது திகைத்து நின்றான். இறைவன் ஒரு காகத்தை அனுப்பினான். அது மண்ணைக் கிளறிக் காட்டிற்று. அதைக் கண்ட பின்னரே அவனுக்கு வழி தெரிந்தது. கூடவே தன் செயலை எண்ணி வருந்தவும் செய்தான். திருமறை கூறும் வரலாறு இது.

ஆனால், காபீலின் வழி வந்தோர் இந்தப் பாடத்தைத் திரித்தும் கற்றுக்கொண்டனர். இறந்தவரின் கண்ணியத்தைக் காக்கும் மண்ணே கொன்றவரின் குற்றத்தையும் மூடுகிறது. நாம் கபுரின் தலைமாட்டில் மீசான் கல்லை நடுகிறோம்; கொலைஞனோ அடையாளம் தெரியாதவாறு தரையைச் சமன் செய்கிறான். முன்னது அடக்கம், பின்னது மறைப்பு. அவ்வாறு மறைக்கப்பட்டோரைப் பல்லாண்டு கழித்துத் தேடித் தோண்டுவது முறைதானா? மண்ணுக்குள் போனவரை அமைதியாக விட்டுவிடலாகாதா? இக்கேள்விக்கு நாம் விடை காண வேண்டியிருக்கிறது.

போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரை எண்ணிப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் மன்றம் பாதுகாப்புப் பகுதியென அறிவித்திருந்த அந்நகர் 1995 ஜூலையில் வீழ்ந்தது. 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் சில நாட்களுக்குள் கொல்லப்பட்டுப் பெருங்குழிகளில் தள்ளப்பட்டனர். கொடுமை அத்தோடு முடியவில்லை. அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கொலையாளிகள் இயந்திரங்களைக் கொண்டு அக்குழிகளைத் திறந்து, உடல்களை வாரிச்சென்று தொலைதூரக் குழிகளில் கொட்டினர். அதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் சிதறிக் கிடந்தன.

மனிதன் மறைத்ததை மண் காட்டிக்கொடுத்தது. கொஸ்லுக் என்னுமிடத்தில் உடைந்த கண்ணாடிப் புட்டிகளைக் கொட்டும் நிலத்தில் ஒரு குழி இருந்தது. அதே கண்ணாடிச் சில்லுகள் பின்னர் வேறொரு குழியிலும் அகப்பட்டன. மண்ணின் தன்மையையும் அதில் கலந்திருந்த மகரந்தத் துகள்களையும் ஒப்பிட்டு, எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு உடல்கள் போயின என்று அறிஞர்கள் நிறுவினர். உறவினர் தந்த குருதித் துளிகளின் துணையால் எலும்புகளுக்குப் பெயர்கள் திரும்பக் கிடைத்தன. பொத்தோச்சாரி மையவாடியில் 2003 மார்ச்சில் முதல் 600 பேர் நல்லடக்கம் செய்யப்பட்டனர்.

இன்று இத்தகைய தேடலுக்கு ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு வானூர்தியும் துணை நிற்கிறது. தாழப் பறந்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அது எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களை இணைத்தால், நிலத்தின் மேடு பள்ளங்கள் சில சென்டிமீட்டர் நுட்பத்தில் புலனாகும். தோண்டி மூடிய மண் முதலில் மேடாக நிற்கும். நாளடைவில் அமிழ்ந்து பள்ளமாகும். அவ்விடத்துப் புல் சுற்றிலுமுள்ளதைவிடச் செழித்தோ வாடியோ வளரும். மண்ணின் ஈரமும் வெப்பமும்கூட வேறுபடும். லேசர் ஒளியோ இலைகளின் இடைவெளியில் புகுந்து தரையைத் தொட்டு மீள்கிறது. எனினும் ஒன்றை மறக்கலாகாது. இக்கருவி உடலைக் காண்பதில்லை. கலைந்த மண்ணையே காண்கிறது. எங்கே மண் ஆழமானது, எங்கே பாறை தடுக்கும், எவ்வழியே வண்டி வந்திருக்கக்கூடும் என்று நிலவியல் அறிந்தவர் சிந்தித்த பின்னரே அப்படம் பொருள் தரும்.

ட்ரோன் போரில் கொல்லவும் பயன்படுகிறதே என்பர் சிலர். மெய்தான். கருவிக்கு நிய்யத் இல்லை, ஏந்துவோருக்கே உண்டு. பார்ப்பது மட்டுமே அறமாகிவிடாது என்பதையும் ஸ்ரெப்ரெனிட்சா கற்பித்தது. புதிதாகத் தோண்டப்பட்ட மண்ணைக் காட்டும் வான்படங்களை அமெரிக்கா 1995 ஆகஸ்டிலேயே பாதுகாப்பு அவையில் வைத்தது. உலகம் கண்டது. அதன் பின்னரும் குழிகள் திறக்கப்பட்டு உடல்கள் இடம் மாறின. கண்டவனுக்குக் கடமை உண்டு. கண்டேன் என்று சொல்வதோடு அது தீர்ந்துவிடுவதில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். கபுரைக் கிளறுதல் தகாது என்பது நம் மரபு. ஆயின், குளிப்பாட்டுதலும் கபனும் தொழுகையும் இன்றித் தள்ளப்பட்ட குழி கபுராகுமா? ஆகாது என்பதே நம் துணிபு. அதைத் திறப்பது அடக்கத்தைக் கலைப்பதன்று. மறுக்கப்பட்ட அடக்கத்தை நிறைவேற்றுவதாகும். கண்ட இடமெல்லாம் தோண்டாமல் தக்க இடத்தை வானிலிருந்தே குறித்துக் காட்டும் கருவி, எலும்புகள் சிதையாமல் காக்கவும் உதவுகிறது.

உயிரோடிருப்பவரின் உரிமையும் இதில் அடங்கியுள்ளது. காணாமற்போனவரின் மனைவி மனைவியுமல்லள், விதவையுமல்லள். எத்தனைக் காலம் காத்திருக்க வேண்டும், சொத்தை எப்போது பங்கிட வேண்டும் என்பதில் நம் சட்ட மேதைகளே வேறுபட்டனர். மெக்சிகோவில் காணாமற்போனோர் பதிவேடு 2022-இல் ஒரு லட்சத்தைக் கடந்தது. அங்கே தாய்மார்கள் இரும்புக் கம்பியை மண்ணில் அறைந்து, உருவி, முனையை முகர்ந்து பார்த்துப் பிள்ளைகளைத் தேடுகின்றனர். அந்நாட்டு ஆய்வாளர்கள் பன்றிகளின் உடல்களைப் புதைத்து, மேலிருந்து அவ்விடம் எவ்வாறு தோன்றுகிறதென ட்ரோன் கொண்டு சோதித்து வருவது அத்தாய்மாரின் சுமையைக் குறைக்கத்தான்.

ஸ்ரெப்ரெனிட்சாவின் தாய்மார் சிலர் மகனின் ஓர் எலும்பு கிடைத்ததும் அடக்கம் செய்தனர். சிலர் மீதியும் கிடைக்கட்டும் என்று காத்திருந்தனர். எது சரி? நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் தாயின் உரிமை. ஏறத்தாழ ஆயிரம் பேர் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களைத் தேடித் தருவதே நம் காலத்தின் கடன்.

அன்று காகம் மண்ணைக் கிளறி, கொன்றவனுக்குப் புதைக்கக் கற்பித்தது. இன்று வானில் பறப்பது மனிதன் செய்த கருவி. புதைக்கப்பட்டவரைக் கண்டெடுத்து முறையாக அடக்கம் செய்ய அது துணைபுரியுமானால், காபீல் பிந்திக் கற்ற அந்தப் பாடத்தை நாமும் பிந்தியேனும் கற்றவர்களாவோம்.